சோதிக்காமல் விடுவதையும் எழுது

அன்பு மகளுக்கு,

புதிய காப்பீட்டு மென்பொருளுக்காக நீ அனுப்பிய சோதனைத் திட்ட வரைவை இரண்டு முறை படித்தேன். எவற்றைச் சோதிக்கப் போகிறீர்கள் என்பதற்கு நான்கு பக்கங்கள் எழுதிவிட்டு, எவற்றை விடப் போகிறீர்கள் என்பதை ஒரே வரியில் முடித்திருக்கிறாய்: ‘பிரீமியம் கணக்கிடும் பகுதி பழைய மென்பொருளிலிருந்து மாற்றமின்றி எடுக்கப்படுவதால் சோதனை தேவையில்லை.’ அந்த வரி என்னை உறுத்துகிறது.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து முதன்முறையாகப் புறப்பட்ட ஏரியான் 5 ராக்கெட் ஒரு நிமிடத்துக்குள் வானிலேயே சிதறியது. அதன் திசையறியும் கருவியில் இருந்தது ஏரியான் 4இல் குறையின்றி ஓடிய மென்பொருள்தான். ஆனால் புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் மிக விரைவாக ஏறியதால், 64 பிட் இடத்தில் இருந்த எண் ஒன்று, அதைவிட மிகச் சிறிய 16 பிட் முழு எண் இடத்துக்குள் அடங்காமல் போனது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள் இருந்ததால் இரண்டுமே செயலிழந்தன. இத்தனைக்கும், புறப்பட்ட பிறகு அந்தக் கணக்கே ஏரியான் 5க்குத் தேவைப்படவில்லை. கருவி தனியாகத் தேறிவிட்டது என்று கருதி, முழு அமைப்புச் சோதனைகளில் அதைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள்.

உங்கள் திட்டத்திலும் நிரல் மாறவில்லை, உள்ளே வரும் தரவு மாறுகிறது. முன்பு கிளை ஊழியர் நிறைவடைந்த வயதைத் தட்டச்சு செய்தார். இனி காப்பீடு எடுப்பவரே கைப்பேசியில் பிறந்த தேதியைத் தருவார். பிப்ரவரி 29இல் பிறந்தவருக்கு என்ன வயது அந்தப் பகுதிக்குள் போய்ச் சேரும் என்று யாராவது பார்த்தீர்களா?

நானும் ஒரு காலத்தில் சம்பளப் பட்டியல் வேலையில் இப்படியொரு வரியை எழுதிக் கையெழுத்திட்டவன்தான். நிலுவைத் தொகை ஆறு இலக்கத்தைத் தொட்ட மாதம், ஐந்து இலக்கக் கட்டத்துக்குள் முதல் இலக்கம் அடங்காமல், 1,12,000 ரூபாய் 12,000 ஆக அச்சாகி வந்தது.

மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் சோதிக்க முடியாது என்பதை அறிவேன். ஆகவே அறிக்கைகளின் வண்ணத்தையும் தலைப்பு அமைப்பையும் தாராளமாக விட்டுவிடு. கணக்கிடும் பகுதிக்கு வயது வரம்புகளின் இரு விளிம்புகளிலும் சோதனைகளை வை. விடுபடும் ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும், அதற்கு ஒப்புக்கொண்டவர் யார் என்பதையும் தனிப் பக்கத்தில் எழுதி, வாடிக்கையாளர் நிறுவனத்தின் கையெழுத்தையும் வாங்கு. திருத்தியதும் எனக்கு அனுப்பு, அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
அப்பா