சீலிங்கில் பட்டி பூசினால் ஒழுகல் நிற்காது

ஆசிரியருக்கு,

ஐப்பசி மழைக்கு முன்னால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைத் தெருக்களில் சீலிங்குக்குப் பட்டி வைத்து பெயின்ட் அடிக்கும் வேலை மும்முரமாகிவிடும். தீபாவளிக்குப் பளிச்சென்று இருக்கும். கார்த்திகைக்குள் அதே இடத்தில் மஞ்சள் வளையம் விழும். தண்ணீர் மேலிருந்து இறங்கிக்கொண்டிருக்க, கீழே பூசி என்ன பயன்?

எங்கிருந்து இறங்குகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மே மாதத்திலும் ஈரம் காயவில்லை என்றால் மழையைக் குறை சொல்ல முடியாது. மேல்வீட்டுக் குளியலறையோ குழாயோதான் காரணம். மழைக்கு மட்டும் ஒழுகினால் மொட்டை மாடியில் மழைநீர்க் குழாயின் வாய், கைப்பிடிச் சுவரின் அடி, தட்டோட்டு (மாடித் தளத்தில் பதிக்கும் தட்டை ஓடு) இடுக்கு ஆகிய மூன்றையும் பாருங்கள். டிஷ் ஆன்டெனாவுக்குப் போட்ட நாலு ஓட்டையையும் மறக்க வேண்டாம். சிலர் மாடியில் தண்ணீர் கட்டிப் பார்ப்பார்கள். ஒரு அங்குலத் தண்ணீரே 100 சதுர அடிக்குச் சுமார் 235 கிலோ கனம். கம்பி வெளியே தெரியும் தளத்தில் அந்தச் சோதனையே கூடாது.

கடலோர வீடுகளில் வினையே அந்தக் கம்பிதான். உப்பும் ஈரமும் சேர்ந்து துருப்பிடித்தால் கம்பி பருத்து, கீழிருக்கும் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் பொக்கான இடத்தில் சத்தமே மாறும். தளத்தைத் தாங்க ஜாக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, கெட்டியான இடம் வரும்வரை கொத்தியெடுக்க வேண்டும். கம்பிக்குப் பின்னாலும் முக்கால் அங்குலம் இடம் விட்டு, துருவைக் கம்பி பிரஷ்ஷால் முழுக்கத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்த பிறகுதான் லேடெக்ஸ் (பிடிப்பைக் கூட்டும் பால் போன்ற திரவம்) கலந்த சிமென்ட் கலவை. அதையும் ஒரே தடவையில் தடியாக அப்பினால் கழன்று விழும். கலவைக்கு உப்பான போர்வெல் தண்ணீரை ஊற்றினால் செய்த வேலை எல்லாம் வீண். கம்பி கால்வாசி தேய்ந்திருந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கொத்தனாரிடம் விடுகிற வேலையல்ல அது.

பழைய வண்ணாரப்பேட்டையின் மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு வைத்தியம் வேறு. மர உத்தரம், நிறுத்தி அடுக்கிய செங்கல், அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி என்று அமைந்த தளம் அது. அதன் மேல் சிமென்ட் போட்டால் வெயிலில் வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய ஈரம் வெளியேற வழியின்றி உத்தரத்தின் முனை சுவருக்குள்ளேயே உளுத்துப்போகும். ஸ்க்ரூ டிரைவரால் முனையைக் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் உத்தரத்தை மாற்றியே ஆக வேண்டும். தட்டோட்டு இடுக்கைச் சுண்ணாம்பால்தான் அடைக்க வேண்டும்.

ஃபேன் கொக்கி வழியாகச் சொட்டினால், வாளி தேடும் முன் மெயினை அணையுங்கள்.

ஈரத் தளத்தில் அடிக்கும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு கொப்பளித்து உரியும். ஆகவே மாடி வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். மழை பிடித்துவிட்டால் குழாய் வாயிலுள்ள குப்பையை எடுத்துவிட்டு, தார்ப்பாய் விரித்துக் காத்திருப்பதே மேல்.

— கட்டடப் பராமரிப்புப் பொறியாளர்கள்,
தண்டையார்பேட்டை, சென்னை