கண் திறக்காத முருகன்

கோவில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுடலைக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே திட்டிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். நான் கம்ப்யூட்டரில் படம் வரையக் கற்றுக்கொண்டிருக்கிறேன் மாப்ளே. ஆமாம், நம்ம பிழைப்பில் மண்ணள்ளிப் போட்ட அதே கம்ப்யூட்டரில்தான்.

திட்டி முடித்தாயா? சரி, மேலே படி.

மகள் வேலைக்குப் போன இடத்தில் புது லேப்டாப் கொடுத்துவிட்டார்களாம். பழையது இங்கே பரணில் கிடந்தது. தீபாவளிக்கு வந்த மருமகன் அதைத் துடைத்து எடுத்து, கூடவே ஒரு பென் டேப்லெட்டும் வாங்கி வைத்துவிட்டுப் போனார். ஒன்றாம் வகுப்பில் நாம் வைத்திருந்த சிலேட்டு அளவுதான், கறுப்பாக இருக்கும். அதில் படம் தெரியாது. சிலேட்டில் வரைந்தால் லேப்டாப் திரையில் கோடு விழும். பேனாவுக்கு மையும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. சிலேட்டுக்கு அடியில் இருக்கும் கம்பி வலைதான் பேனாவுக்குள் இருக்கிற சுருளுக்குக் கரண்ட் கொடுக்கிறதாம். அழுத்தம் 8192 படி என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. லேசாகத் தொட்டால் மெல்லிய கோடு, அழுத்தினால் பட்டை. நம்ம நாலாம் நம்பர் பிரஷ் மாதிரியே.

முதல் நாள் பட்ட அவமானத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும். கை ஒரு ஊரில், கண் ஒரு ஊரில். முப்பத்தைந்து வருஷம் போர்டு எழுதின கைக்கு ஒரு வட்டத்தை மூட வரவில்லை. காப்பி கொண்டுவந்த உன் தங்கச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றாள். அன்றோடு மூட்டை கட்டியிருப்பேன். ஆனால் நம்ம ஆசான் ஆறு மாசம் கோடு மட்டும் போடவிட்டது ஞாபகம் வந்தது. இரண்டு வாரம் கோடு, வட்டம், கோடு. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் கை தானாகச் சொன்னபடி கேட்டது. எப்படி என்று தெரியவில்லை. சைக்கிள் பழகின கதைதான்.

வரைவது கிரிட்டா என்கிற சாஃப்ட்வேரில். காசு கிடையாது, முழுக்க இலவசம். ஸ்வீடன் நாட்டுப் பாஷையில் கிரிட்டா என்றால் கிரேயான், சாக்கட்டி என்று அர்த்தமாம். அதில் நூற்றுக்கு மேல் பிரஷ் இருக்கிறது. நம்மிடம் மொத்தம் ஏழு, அதிலும் இரண்டு மயிர் கொட்டினது! ஒரு வாரம் ஒவ்வொரு பிரஷாக இழுத்துப் பார்த்தே பொழுதைப் போக்கினேன், ஒரு படமும் வரையவில்லை. இப்போது மூன்றே பிரஷ்தான். சுவரில் எழுதும்போது கை ஆடாமலிருக்கத் துணிப்பந்து கட்டின குச்சியை ஊன்றிக்கொள்வோமே, அந்தக் குச்சியும் இதில் இருக்கிறது. ஸ்டெபிலைசர் என்று பெயர். கை நடுங்கினாலும் கோடு நடுங்காது. எனக்கு இந்த வயதில் அது பெரிய உபகாரம்.

லேயர் என்று ஒன்று உண்டு. உனக்கு அது சட்டென்று விளங்கும். பனியன் பிரிண்டிங்கில் கலருக்கு ஒரு ஸ்கிரீன் வைக்கிறாய் அல்லவா, அதேதான். கண்ணாடித்தாளை அடுக்கின மாதிரி அவுட்லைன் ஒன்றில், உடம்பு ஒன்றில், நகை ஒன்றில். வேண்டாததை மறைத்துவைக்கலாம். இந்த மறைத்துவைக்கிற வசதிதான் என் மானத்தை வாங்கியது.

நம்ம பட்டறைச் சுவரில் ஒரு முருகன் காலண்டர் தொங்குமே, கொண்டைய ராஜு பாணியில். நாடகத்துக்குச் சீன் வரைய வந்து நம்ம ஊரிலேயே தங்கிவிட்ட மனுஷன், 1976ல் அவர் காலமானபோது நாம் டவுசர் போட்ட பொடியன்கள். அந்த முருகனை ஞாபகத்திலிருந்து வரைய ஆரம்பித்து ஒரு மாசம் மெனக்கெட்டேன். வழக்கப்படி கண்ணைக் கடைசியில்தான் திறந்தேன், அதுவும் தனி லேயரில். லேயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். அதைத் தட்டினால் அந்த லேயர் மறையும். நெற்றியில் பட்டையைச் சரிபண்ண அந்தக் கண்ணைத் தட்டி மூடினவன், திரும்பத் திறக்க மறந்தே போனேன். அப்படியே சேமித்து, பென் டிரைவில் போட்டு, பிரிண்ட் எடுக்கக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அங்கே இருந்த பையன் படத்தை நீட்டிக்கொண்டு, "அண்ணாச்சி, சாமிக்குக் கண்ணு எங்கே?" என்கிறான். இரண்டு முட்டை மாதிரி வெள்ளையாக இருக்கிறது. எனக்கு உள்ளங்கால் கூசிவிட்டது. வீட்டுக்கு வந்து முதலில் விபூதி பூசிக்கொண்டேன், பிறகுதான் லேப்டாப்பைத் திறந்தேன்.

கண்ணைவிட என்னை அதிகம் கஷ்டப்படுத்தியது மயில். திரையில் கழுத்து நீலம் அப்படியே மின்னியது. தாளில் பார்த்தால் துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை. விசாரித்தால் தப்பு பிரிண்டரில் இல்லை, என்னிடம்தான். திரை வெளிச்சத்தைக் கலக்கிறது. அங்கே சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள். நம்ம டப்பாவில் சேர்த்தால் சாணிக் கலர். அச்சில் நாலு மைதான்: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. வெளிச்சத்தில் வருகிற சில நீலமும் பச்சையும் இந்த மைகளுக்கு எட்டவே எட்டாது. தாளில் எப்படி வரும் என்று திரையிலேயே முன்கூட்டிப் பார்க்க கிரிட்டாவில் வழி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மயிலை மறுபடி போட்டேன். நீலத்தை ஏற்றவில்லை. சுற்றியிருந்த காவியை இறக்கினேன், நீலம் தானாக எழும்பியது. இது நமக்குத் தெரிந்த வித்தைதானே சுடலை? எனாமலில் செய்ததுதான்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பெரிதாக்கிப் பார்க்கிற வசதி. வள்ளியின் மூக்குத்தி ஒன்றை எட்டு மடங்கு பெரிதாக்கி மூன்று மணிநேரம் கல் பதித்தேன். சிறிதாக்கினால் ஒரு புள்ளி. "பத்தடி தள்ளி நின்னு பாருல" என்று ஆசான் முதுகில் தட்டுவாரே, இந்தப் பெட்டிக்கு முன்னால் எங்கே தள்ளி நிற்பது? இப்போது அரைமணிக்கு ஒருதரம் எழுந்துபோய் வாசல்படியிலிருந்து திரையைப் பார்க்கிறேன். உன் தங்கச்சி எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்கிறாள். ஆறுக்கு நாலு அடி போர்டு ஒன்றை 300 டிபிஐயில், அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஆரம்பித்தேன், லேப்டாப் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. கணக்குப் போட்டால் 31 கோடிப் புள்ளி. தூரத்திலிருந்து பார்க்கிற போர்டுக்கு 72 போதும் என்றார் மருமகன். இதைத்தானே ஆசான் காசு வாங்காமல் சொன்னார்!

அப்புறம் அந்த கண்ட்ரோல் இசட். தப்பாக இழுத்த கோடு ஒரு தட்டில் காணாமல் போகும். ஆரம்பத்தில் வரமாகத் தெரிந்தது. ஒரு புருவத்தை நாற்பது தடவை போட்டு நாற்பது தடவை அழித்தபோதுதான் விவகாரம் புரிந்தது. அழிக்கலாம் என்று தெரிந்துவிட்டால் கை பொறுப்பில்லாமல் இழுக்கிறது. இப்போது காலையில் முதல் அரைமணி அதைத் தொடுவதில்லை. விழுந்த கோடு விழுந்ததுதான்.

இந்த வயதில் எதற்கு என்று கேட்பாய். டேவிட் ஹாக்னி என்று ஒரு இங்கிலாந்து ஓவியர், 1937ல் பிறந்தவர். 2009ல் ஐபோனில் விரலால் பூ வரைந்து சிநேகிதர்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார். அவரைப் பார்த்தால் நாம் இளந்தாரிகள்.

ஃபிளெக்ஸ் வந்தபோது நீ பிரஷ்ஷையெல்லாம் மண்ணெண்ணெய் டின்னோடு கிணற்றில் போட்டுவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறினாய். அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு, உன்மேல் இல்லை. ஆனால் ஒரு உதவி கேட்கவேண்டியிருக்கிறது. மார்க்கெட் பழமண்டி போர்டில் நீ போட்ட 'ழ' எனக்கு வரமாட்டேன் என்கிறது. அந்தக் கீழ்ச்சுழி உள்ளே போய்த் திரும்புகிற இடத்தில் நீ பிரஷ்ஷை லேசாகப் புரட்டுவாய். பேனாவைப் புரட்டினால் ஒன்றும் நடப்பதில்லை. கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபாண்ட் எதிலும் அந்த ழ இல்லை, எல்லாம் பட்டினி கிடந்த ழ.

பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பெரிதாக ஒரு ழ எழுதி, நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. பிரஷ் இல்லை என்று சாக்குச் சொல்லாதே. ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், நாலாம் நம்பர்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தங்கச்சியும் பேரனும் சௌக்கியமா?

அன்புடன்,
பால்பாண்டி