பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விழா வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஓட்டமும் நடையுமாக இருக்கும். அரையாண்டுத் தேர்வு ஒருபுறம். குடில் கட்டுவது, கேரல் பாட்டு, கிறிஸ்மஸ் நாடக ஒத்திகை மறுபுறம். ஜனவரியில் பொங்கல் விழா, குடியரசு நாள் அணிவகுப்பு, 31ஆம் தேதி இளைஞர்களுக்காக உழைத்த புனிதர் தொன் போஸ்கோவின் திருநாள், அதையொட்டி விளையாட்டு விழா, பிறகு ஆண்டு விழா. என் மகன் பத்தாவது படிக்கும் பள்ளியிலும் இதே வரிசைதான். இந்த வருடச் சுற்றறிக்கையில் கடைசி வரி மட்டும் புதிது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எதிலும் கலந்துகொள்ள வேண்டாம். அந்த நேரத்தில் அவர்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ்.

அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. மற்றப் பள்ளிப் பெற்றோரிடம் பேசினால், அங்கேயும் இப்படித்தான் என்கிறார்கள்.

தலைமை ஆசிரியராக இருக்கும் ஃபாதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் நம் வேலூர் மாவட்டம் 82.07 விழுக்காட்டோடு மாநிலத்திலேயே கடைசி. 2025இலும் கடைசி இடம் நமக்குத்தான். ரிசல்ட் வந்த மறுநாள் பத்திரிகைகள் அதைக் கொட்டை எழுத்தில் போடும். அப்புறம் கூட்டத்துக்கு மேல் கூட்டம், விளக்கத்துக்கு மேல் விளக்கம். நெருக்கடி மேலிருந்து வரும்போது முதலில் பறிபோவது பி.டி. பீரியட். விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீர்கள் என்று உதயநிதி ஸ்டாலினே மேடையில் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டதோடு சரி.

ஆனால் தேறாமல் போகிறவன் யார்? விழாவில் நாடகம் போட்டதால் ஃபெயிலான பையனை நான் பார்த்ததில்லை. இரண்டு நாள் வராமல், பிறகு ஒரு வாரம் வராமல், அப்படியே நின்றுபோகிறானே, அவன்தான். குடியாத்தம் பக்கம் வீட்டுக்கு வீடு தறி, பீடி. போதாததற்குத் தீப்பெட்டி வேலை. ஆம்பூர் போனால் ஷூ கம்பெனி. ஆபத்தான வேலைகளில் பதினைந்து வயதுப் பையனைச் சேர்க்கக் கூடாது என்று சட்டம் தடுத்தாலும், கைக்காசு அவனை இழுத்துவிடுகிறது. அவனைக் காலையில் யூனிபார்ம் மாட்ட வைப்பது பல நேரம் கபடி டீமும் பேண்ட் செட்டும்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு ஸ்பெஷல் கிளாஸை மட்டும் கையில் கொடுத்தால் அவன் வருவானா?

இன்னொன்றும் இருக்கிறது. பேண்டில் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு சைடு ட்ரம் பிடிக்கச் சொல்லித் தருவது பிளஸ் டூ அண்ணன். சம்பளம் வாங்கும் மாஸ்டர் யாரும் இல்லை. குடிலுக்கு சீரியல் லைட் போடுவது, மைக் கட்டுவது, ஓட்டப் பந்தயத்துக்குச் சுண்ணாம்புக் கோடு இழுப்பது எல்லாம் இப்படிக் கைமாறி வந்தவைதான். மேல் வகுப்பைப் பிரித்து அறையில் உட்கார வைத்தால் அடுத்த வருடம் சொல்லித் தர ஆள் இருக்காது. பிறகு எல்லாவற்றுக்கும் வாடகைக்கு ஆள் பிடிப்பார்கள். அதற்கும் நம்மிடமே வசூல் நடக்கும்.

நானும் அந்தப் பள்ளியில் படித்தவன்தான். கிறிஸ்தவன் அல்லன். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி என்கிற வேதபாட வகுப்புக்குப் போகும்போது எங்களுக்கு நீதிபோதனை வகுப்பு. அதில் கேட்டது முக்கால்வாசி மறந்துவிட்டது, ஒரு கதையைத் தவிர. 1841 டிசம்பர் 8. இத்தாலியில் தூரின் நகரத்து ஆலயம் ஒன்றில் கொத்து வேலை பார்க்கும் அநாதைப் பையன், பார்த்தலோமேயோ கரெல்லி என்று பெயர், ஒதுங்கி நிற்கிறான். பூசைக்கு உதவி செய்யத் தெரியாது என்றதும் ஆலயப் பணியாளர் அவனை அடித்து விரட்டுகிறார். குருவாகி ஆறே மாதமான தொன் போஸ்கோ அவனைத் திரும்பக் கூப்பிடுகிறார். படிக்கத் தெரியுமா? தெரியாது. எழுத? தெரியாது. பாட? அதுவும் தெரியாது. சரி, விசில் அடிக்கத் தெரியுமா? பையன் சிரித்துவிட்டான். அங்கே தொடங்கியது அவருடைய இளைஞர் பணி. அவர் நிறுவிய சலேசியத் துறவற சபையினர்தான் 1951இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அவர் பெயரை வைத்திருக்கும் பள்ளிகள் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலும் உண்டு. ஜனவரி 31இல் அவருக்கு மாலை போட்டுவிட்டு, விசில் மட்டும் தெரிந்த பையனை மாடியில் பூட்டி வைப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

எல்லா விழாவுக்கும் எல்லாரையும் இழுக்கச் சொல்லவில்லை. ஆண்டு விழா பிப்ரவரியில் வந்தால் அது பிராக்டிகல் நேரம். பன்னிரண்டாம் வகுப்பை விட்டுவிடலாம். நடன ஒத்திகை என்று மூன்று வாரம் வகுப்பைக் கெடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. கிறிஸ்மஸ் விழா அப்படியல்ல, அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் நடக்கிறது. 2026 ஜனவரி 31 சனிக்கிழமை. இந்த இரண்டுக்கும் பாட வேளை போகிறது என்று யாரும் சொல்ல முடியாது. இவை இரண்டிலும் மேல் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்க்கட்டும். வாரத்தில் ஒரு பி.டி. பீரியடையாவது பிப்ரவரி வரை தொடாமல் விடட்டும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதைக் கேட்பதென்று நாங்கள் சிலர் பேசி வைத்திருக்கிறோம். மற்றப் பள்ளிப் பெற்றோரும் அவரவர் கூட்டத்தில் கேட்கலாம். கூட்டத்துக்குப் பெரும்பாலும் அம்மாக்கள்தான் வருகிறார்கள். அப்பாக்களும் ஒரு மணி நேரம் தறியை நிறுத்திவிட்டு வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்,
குடியாத்தம்.