வீட்டு கரண்ட்டைக் கோழி வேலிக்கு இழுக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்வேலியில் சிக்கி ஒருவர் பலி என்று நாளிதழில் செய்தி வந்துவிட்டால், கோழி வளர்ப்பவர்கள் "அந்த வம்பே வேண்டாம்" என்கிறார்கள். கொஞ்ச நாளில் கீரி புகுந்து நாலு கோழியின் கழுத்தைக் கடித்துப் போட்டிருக்கும். அப்போது அவர்களே என்னிடம் வந்து, "ராத்திரிக்கு மட்டும் வீட்டிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக் கொடுங்களேன்" என்று கேட்கிறார்கள். மின்சார வேலையிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டின் பின்புறம் கோழியும் வளர்க்கிறேன். அந்த ஒயரை யாருக்கும் நான் இழுத்துக் கொடுத்ததில்லை. இனியும் கொடுக்க மாட்டேன்.

"ஆள் பட்டால் ஃபியூஸ் போய்விடுமே" என்று பலர் நம்புகிறார்கள். போகாது. ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு உடம்பு வழியாகப் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதோடு, வீட்டு மின்சாரம் இடைவிடாமல் பாய்வதால் கை தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகும்.

வேலிக்கென்றே செய்யப்பட்ட எனர்ஜைசர் என்ற மெஷின் வேறு விதம். கம்பியில் 5,000 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கும், ஆனால் அது விட்டு விட்டு வரும் துடிப்பு. ஐஇசி 60335-2-76 என்ற பன்னாட்டுத் தரவிதிப்படி ஒரு துடிப்பு 10 மில்லி விநாடிக்கு மேல் நீடிக்கக் கூடாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு விநாடியாவது இடைவெளி வேண்டும். துடிப்பின் ஆற்றலுக்கும் உச்ச வரம்பு உண்டு. பட்ட மிருகம் சுரீரென்று வலித்துத் துள்ளி ஓட அந்த இடைவெளி போதும். வலிக்கத்தான் செய்யும், நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இதயக் கோளாறு உள்ளவர்களும் குழந்தைகளும் அருகே போகக் கூடாது. எச்சரிக்கைப் பலகை கட்டாயம்.

மெஷின் வாங்கியவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது எர்த்தில்தான். கம்பியிலிருந்து மிருகத்தின் உடம்பு வழியாக மண்ணுக்கு இறங்கி, எர்த் ராடு வழியாக மெஷினுக்குத் திரும்பினால்தான் ஷாக். காய்ந்த மண்ணில் ஒற்றை ராடு அடித்துவிட்டு, "கீரிக்கு உறைக்கவே இல்லை" என்றால் எப்படி உறைக்கும்? ஆறடி ராடு மூன்றைப் பத்தடி இடைவெளியில், ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து அடியுங்கள். வெயில் காலத்தில் அங்கே தண்ணீர் ஊற்றுங்கள்.

மின்கம்பி, கோழி அடைப்பின் வலைக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி ஓட வேண்டும். கீழ்க்கம்பி தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருந்தால் கீரியும் மரநாயும் மோந்து பார்க்க வரும்போது ஈர மூக்கு நேராக அதில் படும். ரோமம் பட்டால் அவ்வளவாக உறைக்காது. மூக்கில் பட்டால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே யோசிக்கும். அதற்கும் தாழ்வாகக் கட்டினால் தவளையும் ஆமையும் ஒட்டிக்கொண்டு சாகும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். முள்கம்பியில் ஒருபோதும் மின்சாரம் விடாதீர்கள். சிக்கிய உயிர் மீள முடியாது.

மழைக்காலத்தில் புல் வளர்ந்து கம்பியில் சாய்ந்தால் மின்சாரம் அதன் வழியே கசிந்துவிடும். இருட்டியதும் வேலியோரம் நின்று கேளுங்கள். எங்காவது டிக், டிக் என்று சத்தத்தோடு சிறு பொறி பறந்தால் கசிவு அங்கேதான். மின்வேலிக்கான டெஸ்டரை வைத்துப் பார்க்கும்போது 3,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் புல்லை வெட்டுங்கள். வெட்டும் முன் மெஷினை அணையுங்கள்.

பருந்தையும் காக்கையையும் எந்த வேலியும் தடுக்காது. குஞ்சுகளுக்கு மேலே வலை வேண்டும். பொழுது சாய்ந்ததும் கூண்டை அடைக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, மின்வேலிச் சாவு பற்றி இனி செய்தி போடும்போது, கம்பிக்கு மின்சாரம் வீட்டு லைனிலிருந்து நேராக வந்ததா, எனர்ஜைசரிலிருந்து வந்ததா என்று விசாரித்து அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். படிப்பவர்கள் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர்