ஓட்டை இடப்பக்கம், சாய்ந்தது வலப்பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோஸ்டா கான்கார்டியா கப்பல் விபத்தைத் தங்கள் சிறுவர் இணைப்பில் 'பாறை இடித்தது, ஓட்டை விழுந்தது, கவிழ்ந்தது' என்று முடித்துவிட்டீர்கள். படத்தில் ஓட்டையும் வலப்பக்கம், சாய்வும் வலப்பக்கம். உண்மையில் ஓட்டை இடப்பக்கம். பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வியே அதுதானே!

2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜிலியோ தீவை அளவுக்கு மீறி நெருங்கிய கப்பலின் இடப்பக்க அடிவயிற்றைப் பாறை 50 மீட்டருக்கு மேல் கிழித்தது. கப்பலின் அடிப்பகுதி, குறுக்குச் சுவர்கள் வைத்துத் தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். அடுத்தடுத்த இரண்டு அறைகள் நிறைந்தாலும் மிதக்கும். அன்று நிறைந்தவை ஐந்து. எஞ்சின் அறையும் மூழ்கி மின்சாரம் போயிற்று. காற்று கப்பலைத் தீவுப் பக்கமே திருப்பித் தள்ள, உள்ளே புகுந்த தண்ணீர் மறுபக்கம் ஓடிற்று. கப்பல் வலப்பக்கமாகப் படுத்தது.

மலைப்பிள்ளைகளுக்கு இது எளிதில் புரியும். நிரம்பிய தண்ணீர் லாரியைவிடப் பாதி நிரம்பியதுதான் கொண்டை ஊசி வளைவில் அதிகம் தளும்பும். வீட்டிலேயே பார்க்கலாம்: நீள்சதுர எவர்சில்வர் டப்பாவில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி வாளியில் மிதக்கவிட்டு, ஓரத்தை மெல்ல அழுத்துங்கள். தண்ணீர் அத்தனையும் அங்கே ஓடி, அந்தப் பக்கத்தை இன்னும் அமுக்கும். பிறகு டப்பாவை ஈரம் போகத் துடைத்து, நடுவே நீளவாக்கில் சப்பாத்தி மாவால் வரப்பு கட்டி, அதே தண்ணீரைப் பாதி பாதியாக ஊற்றுங்கள். ஆட்டம் வெகுவாகக் குறையும். ஈரம் இருந்தால் மாவு ஒட்டாது, அடியில் கசிந்து சோதனை கெடும்.

கப்பல் சாயச் சாய உயிர்காப்புப் படகுகளும் பயன்படாமல் போகும். உயர்ந்த பக்கத்துப் படகு கப்பல் சுவரில் உரசிச் சிக்கும். தாழ்ந்த பக்கத்துப் படகு விலகித் தொங்கும், அதில் ஏறுவது கடினம். அதனால்தான் நேரம் முக்கியம். அன்று பாறை இடித்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகியே வெளியேறும் உத்தரவு வந்தது. கரை கூப்பிடு தூரத்தில் இருந்தும் 32 பேர் இறந்தார்கள்.

அதுவரை, பயணிகளுக்கான அவசரகால ஒத்திகையை அவர்கள் கப்பலில் ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. 2015 முதல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். ஏழு குறுஞ்சங்கு, ஒரு நெடுஞ்சங்கு கேட்டால் லைஃப் ஜாக்கெட்டோடு குறித்த இடத்தில் கூட வேண்டும் என்பது அதன் முதல் பாடம். ஊட்டி ஏரிப் படகில் கொக்கி மாட்டாமல் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பவர்களுக்கும் இதைச் சொல்லலாம். தண்ணீரில் விழுந்தால் அது தலைக்கு மேலே கழன்றுவிடும்.

அடுத்த இணைப்பில் அந்தப் படத்தை மட்டுமாவது திருத்திப் போடுங்கள்.

அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.