பாதிப் படமும் பாதிக் கலைஞரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான, ஓவியரும் புகைப்படக் கலைஞருமான ஜோதி பட் பற்றிய கட்டுரையை மகிழ்ச்சியோடுதான் படிக்கத் தொடங்கினேன். தமிழில் அவரைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. ஆனால் 'தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தவர்' என்று கட்டுரையாளர் அவரை அறிமுகப்படுத்தியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1934இல் பவநகரில் பிறந்து, பரோடாவில் என்.எஸ். பேந்த்ரேயிடமும் கே.ஜி. சுப்ரமணியனிடமும் ஓவியம் கற்று, பின்னர் நியூயார்க்கின் பிராட் கல்விக்கூடத்தில் அச்சோவியம் பயின்று திரும்பியவர் ஜோதி பட். 1967இல் ஒரு கருத்தரங்குக்காகக் குஜராத்தின் கிராமியக் கலைகளைப் படமெடுக்கப் போனார். அந்த வேலை அத்தோடு முடியாமல் பல பத்தாண்டுகள் நீண்டது. சிற்பி ராகவ் கனேரியா போன்ற நண்பர்களோடு குஜராத், ராஜஸ்தான் சிற்றூர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்வந்தார். அந்த ஆண்டுகளிலும் தகட்டில் கோடு கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு அச்செடுக்கும் எட்சிங் வேலையை அவர் விடவில்லை; நாட்டுப்புறச் சுவர்களிலும் பச்சை குத்திய கைகளிலும் அவர் பார்த்த மயில்களும் புள்ளிகளும் எழுத்துகளும் அவருடைய அச்சோவியங்களுக்குள் வந்து சேர்ந்தன. இதில் எது ஓவியர் செய்தது, எது புகைப்படக்காரர் செய்தது என்று கட்டுரையாளர் எப்படிப் பிரிப்பார்?

ராஜஸ்தானில் மீனா சமூகப் பெண்கள் சாணமும் செம்மண்ணும் மெழுகிய சுவரில் வெள்ளைக் கோடுகளால் வரையும் மண்டனா, மறுபடியும் சுவர் மெழுகும்போது மறைந்துவிடும். அதைப் பதிவுசெய்தார் என்பதோடு கட்டுரை நின்றுவிடுகிறது. சுவரோவியத்தை மட்டும் தனியே பெயர்த்தெடுக்காமல், வரைந்தவரையும் வீட்டையும் அங்கே நடக்கும் அன்றாடத்தையும் ஒரே படச் சட்டத்துக்குள் அவர் அடக்கியதை அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? எதை எங்கே நிறுத்துவது என்று தெரிந்த ஓவியரின் கண் அது.

அது எவ்வளவு கடினம் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு மார்கழி முழுவதும் எங்கள் தெருக் கோலங்களை, கோலம் மட்டும் விழும்படி நேர் மேலிருந்து செல்பேசியில் எடுத்தேன். தை பிறந்ததும் எடுத்துப் பார்த்தால், பெட்டிக்கடையில் விற்கும் கோலப் புத்தகத்தைப் புரட்டியது போல இருந்தது. எது யார் வீட்டு வாசல் என்று எனக்கே தெரியவில்லை. தண்ணீர் தெளித்த ஈரம் காயாத வாசற்படியும், மாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற எதிர்வீட்டு அக்காவும் எந்தப் படத்திலும் இல்லை.

நான் அறியாமல் செய்த அதே பிழையைத் தங்கள் பக்க வடிவமைப்பாளரும் செய்திருக்கிறார் என்பதைச் சற்று வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. கட்டுரையோடு வந்த மண்டனா படத்தில் சுவர் முழுதாக இருக்கிறது. இடப்பக்கம் நின்ற பெண்ணின் முழங்கை மட்டும் மிஞ்சி, அவர் முகம் தாளின் ஓரத்துக்கு அப்பால் போய்விட்டது. அடுத்த இதழில் அந்தப் படத்தை வெட்டாமல் முழுதாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதவில்லையென்றால் இந்தக் கடிதத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்