மேட் பிளாக் பள்ளத்தை மறைக்கும், பட்டையை மறைக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைக் குறைந்த செலவில் புதுப்பிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். மேட் பிளாக், அதாவது பளபளப்பில்லாத கறுப்பு, அடித்தால் டிங்கரிங் செலவு மிச்சம், கை பழகாதவர்கூட அடித்துவிடலாம் என்கிற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. முன்பாதி ஓரளவு சரி, பின்பாதி முழுத்தவறு. மாருதி 800, பத்மினி, அம்பாசடர் என்று ஒன்றை வாங்கிப்போட்டு, தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் வீட்டு வாசலிலேயே வேலை பார்க்கிறவர்கள் அந்த வரியை நம்பி டின்னைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறோம்.

பளபளக்கும் கதவில் எதிர்வீட்டு ஜன்னல் கம்பி தெரியும். பள்ளம் இருந்தால் அந்தக் கம்பி வளைந்து தெரியும். அதை வைத்துத்தான் கண் பள்ளத்தைப் பிடிக்கிறது. மேட்டில் கம்பியே தெரியாது, பிறகு வளைவதற்கு என்ன இருக்கிறது? ஆழமில்லாத நெளிசல் மறைந்துபோகும், வாஸ்தவம். ஆனால் பளபளப்புப் பெயின்டில் தூசி விழுந்தாலோ, வழிந்தாலோ, காய்ந்தபின் 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டு ரப்பிங் காம்பவுண்ட் பசையால் தேய்த்துச் சரிசெய்யலாம். மேட்டில் அந்த வழி கிடையாது. பெயின்டில் கலந்திருக்கும் நுண்ணிய சிலிக்காத் தூள் மேற்பரப்பைக் கரடாக்குவதால்தான் வெளிச்சம் சிதறி மங்கலாகத் தெரிகிறது. தேய்த்த இடத்தில் அந்தக் கரடு மழுங்கி, வழுக்கைபோல மின்னும். கடைசிக் கோட்டில் என்ன விழுந்ததோ அதுதான் காருக்கு நிரந்தரம்.

எந்தப் பெயின்ட்? மலிவு என்று கரும்பலகைப் பெயின்டை வாங்குகிறவர்கள் உண்டு. நன்றாகவே மங்கும், ஆனால் பிசின் குறைவு, நிறப்பொடி அதிகம். வெயிலில் சில மாதத்தில் பொடியாகிக் கையில் ஒட்டும், ஈரத்தையும் உறிஞ்சும். டிக்கி உள்பக்கத்துக்கு வேண்டுமானால் அடிக்கலாம். சைலன்சருக்கான ஹீட் பெயின்டும் பாடிக்கு ஆகாது. சூடேறினால்தான் அது முழுதாக இறுகும், பானெட்டில் அடித்தால் நகம் பட்டாலே கீறும். ஸ்ப்ரே டப்பா சின்ன வேலைக்கு நல்லது. 400 மில்லி டப்பாவில் பாதிக்கு மேல் தின்னரும் கேஸும்தான். மாருதி 800-ஐ முழுதாக மூட ஒரு டஜனுக்குக் குறையாமல் வேண்டும். அந்தக் காசுக்கு லிட்டர் கணக்கில் நல்ல பெயின்டே வாங்கிவிடலாம்.

மிச்சம் மூன்று. என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) மேட் பிளாக் கால் மணி நேரத்தில் காய்வதால் தூசி ஒட்டாது, ஆனால் பெட்ரோல் பட்டால் கெட்டுப்போகும். டேங்க் மூடியைச் சுற்றி ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். சிந்தெடிக் எனாமல் மேட் விலை குறைவு, வெயில் தாங்கும், ஆனால் காய ஒரு ராத்திரி, முழுதாக இறுக வாரக்கணக்கு. ஹார்ட்னர் என்கிற இறுக்கும் திரவம் கலக்கும் பியூ (பாலியூரித்தேன்) மேட்தான் உழைப்பில் முதல். எனாமலைவிட விலை நன்றாகவே கூடும். அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும்; கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற பொருள் அல்ல. தகுந்த மாஸ்க்கும் காற்றோட்டமும் இல்லாத வாசலில் எனாமல்தான் எங்கள் சிபாரிசு. எனாமலில் ஏதோ ஒரு ஹார்ட்னரைக் கலந்தால் உறுதியாகும் என்று கடைக்காரர் சொன்னால் கேட்க வேண்டாம். உறுதி வருகிறதோ இல்லையோ, பளபளப்பு ஏறி மேட் போய்விடும்.

வாங்குமுன் ஒரு சோதனை. பழைய கார்களில் பல, பலமுறை எனாமல் பூசப்பட்டவை. பஞ்சில் என்சி தின்னரை நனைத்து, கண்ணில் படாத இடத்தில் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பெயின்ட் சுருங்கி எழும்பினால் அதன்மேல் என்சியோ பியூவோ அடிக்கக் கூடாது, முதலையின் தோல் மாதிரி கிளம்பிவிடும். பழைய என்சியின் மேல் எனாமல் போகும். எனாமலின் மேல் என்சி போகாது.

கட்டுரை தொடவே தொடாத விஷயம் துரு. காசிமேடு முதல் எண்ணூர் வரை கடல்காற்றில் உப்பு. அந்த உப்பு துருக்குழிக்குள் உட்கார்ந்திருக்கும்போது மேலே என்ன அடித்தாலும் ஒரு மழைக்காலம் தாண்டாது. மேட் பெயின்டும் ரெட் ஆக்சைடு பிரைமரும் ஈரத்தை முழுதாகத் தடுக்காது. பிரைமரோடு விட்டுவைத்த கார்கள் உள்ளிருந்து பொங்குவது இதனால்தான். ஆகவே தேய்க்கும் முன் நல்ல தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அடுத்து டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் ஆகியவற்றின் சிலிக்கானை வேக்ஸ் ரிமூவரில் துடையுங்கள். ஒரு துணியால் நனைத்து, காயுமுன் இன்னொரு துணியால் எடுக்க வேண்டும். மண்ணெண்ணெயால் துடைப்பது எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். அதுதான் பெயின்டில் மீன்கண் மாதிரி வட்டவட்டமாக விலகி நிற்கும். துடைத்த பிறகே உப்புத்தாள். முன்னாலேயே தேய்த்தால் எண்ணெய் கீறலுக்குள் இறங்கிவிடும்.

கதவின் அடி ஓரம், வைப்பர் தட்டு, சக்கர வளைவு, கூரையில் மழைத்தண்ணீர் வடியும் ஓரம் ஆகிய இடங்களில் 80 நம்பர் உப்புத்தாளில் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் இரண்டு கோட் அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி சும்மா விட்டால் காலையில் தகடு பழுப்பேறியிருக்கும். துரு எடுக்கும் ஆசிட் ரிமூவர் போட்டிருந்தால் நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே எபாக்சி. ஆசிட் மிச்சம் இருந்தால் எபாக்சி பிடிக்காது. பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) போட்ட இடத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நம் பட்டறைகளின் பழைய பழக்கம். பட்டி தண்ணீரைக் குடிக்கும், பின்னால் அதுவே கொப்புளமாக வரும். காய்ந்த நிலையிலேயே 180, 320 என்று தேய்த்து, பிரைமரில் மூடியபின் 600 வாட்டர் பேப்பர் போடுங்கள். மேட் பள்ளத்தை மறைக்குமே தவிர, 80 நம்பர் கீறலை மறைக்காது. சாயங்கால வெயிலில் கோடுகோடாக எழும்பும்.

அளவு: மாருதி 800-க்கு வெளிப்புறம் மட்டும் 2 லிட்டர், அம்பாசடருக்கு 4 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா டின்னிலும் ஒரே பேட்ச் எண் இருக்கட்டும். இருந்தாலும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். டின்னின் அடியில் குச்சியை விட்டால் களிமண் மாதிரி ஒன்று இடறும். மேட் தூள் அதுதான். அது கரையும்வரை ஐந்து நிமிடமாவது கிளற வேண்டும். கிளறாமல் அடித்தால் மேலே நிற்கும் பெயின்டில் அடித்த பானெட் மினுங்கும், அடியில் தங்கியதில் அடித்த டிக்கி சுண்ணாம்புபோல் இருக்கும். நைலான் வலையில் வடிகட்டுங்கள், ஸ்ப்ரே கன்னின் கப்பை நிரப்பும் ஒவ்வொரு முறையும் மறுபடி கிளறுங்கள். எனாமலுக்கு டர்பன்டைன் 15 முதல் 20 சதவீதம் போதும்.

கன்னின் நாசில் 1.4 மில்லிமீட்டர், அழுத்தம் 30 பிஎஸ்ஐ, தகட்டுக்கும் கன்னுக்கும் ஒரு சாண். பளபளப்புக்கு ஒரு வீச்சின்மேல் அடுத்தது பாதி ஏறினால் போதும். மேட்டுக்கு முக்கால் பாகம் ஏற வேண்டும். கனமாக விழுந்த இடம் மினுங்கும், காய்ந்து விழுந்த இடம் சாம்பல் பூக்கும், இரண்டும் மாறிமாறி வந்தால் வரிக்குதிரை. ஒரு பேனலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிறுத்தாமல் முடியுங்கள். கூரைதான் சோதனை: ஒரு ஓரத்தில் தொடங்கி நடுவரை வந்து, உடனே மறுபக்கம் சுற்றிப்போய், நடு இன்னும் ஈரமாக இருக்கும்போதே அங்கிருந்து தொடர வேண்டும். அந்த நடுக்கோடு காய்ந்துவிட்டால் மேம்பாலத்திலிருந்து பார்க்கிறவருக்கும் தெரியும்! மெல்லிய கோட்டாக இரண்டு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு ராத்திரி. மூன்றாவதைச் சற்றுத் தள்ளி, ஒரு அடியிலிருந்து தூவினால் நிறம் ஒரே சீராகும்.

கம்ப்ரசர் தொட்டியின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுத் தொடங்குங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அரை நாளில் ஒரு தம்ளர் சேரும். ஐப்பசி, கார்த்திகையில் வேலையே வேண்டாம். என்சி அடிக்கிறவர்களுக்கு அப்போது வெண்புகை படிந்ததுபோல் ஆகும்: தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. போகி வாரமும் ஆகாது, கரித்துகள் நேரே ஈர எனாமலில் இறங்கும். மாசி, பங்குனியில் பனி விலகியபின் ஒன்பது மணிக்குத் தொடங்கி, கடல்காற்று எழுவதற்குள் கன்னைக் கழுவிவிடலாம். தரையில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். எனாமல் துளி காற்றில் காயாமலே பறக்கும். பக்கத்து வீட்டு பைக்கை முதலிலேயே நகர்த்தச் சொல்லிவிடுங்கள், அப்புறம் பேச்சுவார்த்தை நடத்துவதைவிட அது சுலபம்.

முடித்தபின் வேக்ஸ், பாலிஷ் எதுவும் கிட்டே வரக்கூடாது. திருவொற்றியூர்ப் பக்கத்து உப்பு போர்த் தண்ணீரில் கழுவி வெயிலில் விட்டால் வெள்ளைத் திட்டு விழும், அதையும் தேய்த்து எடுக்க முடியாது. மெட்ரோ வாட்டரில் அலசி, உடனே மெல்லிய துணியால் ஒற்றுங்கள்.

இன்னொன்றும் கட்டுரையில் விட்டுப்போயிற்று. ஆர்சியில் நிறம் என்று ஒரு கட்டம் உண்டு. நிறம் மாறினால் ஆர்டிஓ அலுவலகத்தில் அதை மாற்றிப் பதிவு செய்ய வேண்டும். மேட் கறுப்பு வேண்டாம், ராணுவப் பச்சை அடிக்கலாம் என்கிறவர்களுக்கு: 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-வது விதிப்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே.

கலந்த பெயின்டில் தின்னர் சேர்க்காத அரை லிட்டரைத் தனியே மூடி வையுங்கள். மேட்டில் ஒட்டுப்போட்டால் திட்டாகத் தெரியும். கீறல் விழுந்தால் அந்தப் பேனல் முழுவதையும்தான் மறுபடி அடித்தாக வேண்டும்.

இப்படிக்கு,
கார் பெயின்டிங் தொழிலில் உள்ள வாசகர்கள்,
தண்டையார்பேட்டை, சென்னை-81